அது அவர்கள் வீட்டு விவகாரம் அல்ல

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு முதல் உதவி வர வேண்டிய இடம் அவள் குடியிருக்கும் தெரு. காவல் நிலையமும் மருத்துவமனையும் நீதிமன்றமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. நடைமுறையிலோ அந்த முதல் உதவிதான் வருவதே இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்திய அளவில் இது 29 சதவீதம். படிப்பிலும் தொழிலிலும் முன்னணி என்று மார்தட்டும் மாநிலம் இந்தக் கணக்கிலும் சராசரியைத் தாண்டி நிற்கிறது. அதே கணக்கெடுப்பில் இதைவிடக் கொடிய செய்தி ஒன்று உண்டு. உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் நான்கில் மூவருக்கு மேற்பட்டோர் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. உதவி கேட்டவர்கள் 14 சதவீதம் மட்டுமே. அவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு. காவல்துறையிடம் போனவர்கள் மிகச் சிலர்.

இந்த மௌனத்துக்குக் கோழைத்தனம் என்று பெயர் சூட்டுவது அநியாயம். சொன்னால் என்ன பதில் வரும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். "அனுசரிச்சுப் போம்மா" என்பார் மாமியார் முறையுள்ள பக்கத்து வீட்டு அம்மாள். "பிள்ளைங்க முகத்தைப் பாரு" என்பார் சித்தி. "தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே" என்று தலையைக் குனிந்துகொள்வார் அப்பா. தாலி கட்டும்போது அட்சதை போட ஊரே திரண்டது. அந்தத் தாலியைப் பிடித்து இழுத்து அடிக்கும்போது மட்டும் அது புருஷன் பெண்டாட்டி விவகாரமாகிவிடுகிறது.

ஊர் தலையிடவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. தலையிடுகிறது, தவறான பக்கத்தில். பெரியவர்கள் கூடுகிறார்கள், அவன் இனிமேல் குடிக்க மாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறான், வெள்ளைத்தாளில் இருவரும் கையெழுத்திடுகிறார்கள், அவள் மறுபடி அதே வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அடுத்த அடி முன்பைவிடப் பலமாக விழுகிறது, ஏனென்றால் ஊர் ஒன்றும் செய்யாது என்பது இப்போது அவனுக்கும் உறுதியாகிவிட்டது. 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது இந்த நிலையை மாற்றத்தான். அங்கேயும் பல புகார்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடும் சமரசப் பேச்சோடும் நின்றுபோவது வேதனையானது. அடித்தவனையும் அடிபட்டவளையும் எதிரெதிரே உட்காரவைத்து விட்டுக்கொடுக்கச் சொல்வது நியாயம் ஆகாது. அங்கே விட்டுக்கொடுக்க வேண்டியவன் ஒருவன்தான்.

ஊரார் கவனத்தில் கொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. இழிசொல், மிரட்டல், பாலியல் கட்டாயம், சம்பளத்தைப் பறிப்பது, செலவுக்குப் பணம் தராமல் வதைப்பது எல்லாமே அதன் வரம்புக்குள் அடங்கும். அதன் 4ஆம் பிரிவு ஊருக்காகவே எழுதப்பட்டது போன்றது. வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. "நமக்கெதுக்கு வம்பு" என்று சன்னலைச் சாத்துபவருக்குச் சட்டம் ஒளிந்துகொள்ள இடம் வைக்கவில்லை. மாவட்டத்தில் சமூகநலத் துறையின்கீழ்ப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற பெண்கள் உதவி எண் இரவிலும் எடுக்கப்படுகிறது. 2008இல் 'பிரேக்த்ரூ' அமைப்பு இந்தியாவில் தொடங்கிய 'பெல் பஜாவோ' இயக்கம் கேட்டுக்கொண்டதும் மிக எளிய செயல்: பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் போய் அழைப்பு மணியை அழுத்துங்கள்.

"வெளியே போடி" என்ற மிரட்டலுக்கும் சட்டத்தில் பதில் உண்டு. வீடு யார் பெயரில் இருந்தாலும், கூட்டாக வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை 17ஆம் பிரிவு அவளுக்குத் தருகிறது. அந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் உரிமை கோரலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், பெண் என்ற ஒரே தகுதியில், வருமான வரம்பு பார்க்காமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக அமர்த்தித் தர வேண்டும்.

உரிமை காகிதத்திலிருந்து கைக்கு வருவதற்குள் அவள் எத்தனை பேரைத் தேட வேண்டியிருக்கிறது என்பதுதான் உண்மையான சிக்கல். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாக்கள் அதைத் தாண்டி நீளுகின்றன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. கைக்குழந்தையை வைத்துக்கொள்ள ஆள் வேண்டும், நீதிமன்ற வாசலில் கணவனின் உறவினர் கூட்டத்தைக் கடந்து போகத் துணை வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் இவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒரு வீட்டில் வைக்க வேண்டும். வாடகைக்கு ஓர் அறை கேட்டால் "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்காத உரிமையாளர் வேண்டும். இதில் எதையும் அரசாணை போட்டுச் செய்ய முடியாது. அரசின் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் தங்குவது சில நாள் புகலிடம்தான். அதன்பின் வரும் மாதங்கள் ஊரின் பொறுப்பு.

உதவுகிறவர்கள் அவள் உயிரோடு விளையாடிவிடவும் கூடாது. கணவனைவிட்டுப் பிரியும் காலம்தான் மிக ஆபத்தானது. அவள் சம்மதம் இல்லாமல் பத்துப் பேர் சேர்ந்து அவனிடம் நியாயம் கேட்கப் போவது, அவள் தங்கியிருக்கும் முகவரியைப் பெருமைக்காக வெளியே சொல்வது இரண்டும் ஆபத்தில் முடியும். எப்போது வெளியேறுவது, வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவள் அவள். போனவள் திரும்பிப் போனாலும், மறுபடி வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும்.

ஊர் மாற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. குடும்ப வழக்குகளை ஆண்கள் மட்டுமே அமர்ந்து தீர்த்த ஜமாத்துகளுக்கு மாற்றாக, புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானமும் 'ஸ்டெப்ஸ்' அமைப்பினரும் பெண்கள் ஜமாத்தை உருவாக்கினார்கள். அங்கே அழுதுகொண்டு வந்த பெண் பேசினாள், எதிர்த்தரப்பு கேட்க வேண்டியதாயிற்று. பக்கத்துக் கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுவினர் 'ஸ்நேஹிதா' என்ற உதவி மையங்களை நடத்துகிறார்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று தமிழகத்தின் கிராமம்தோறும் கூடுகின்றன. கடன் தவணைக்கு வராத பெண்ணின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டும் அதே குழு, கன்னம் வீங்கி வராமல்போன பெண்ணின் வீட்டுக்கும் போக வேண்டும். கோயில் விழாக் குழு, ஜமாத், பங்குப் பேரவை, குடியிருப்போர் சங்கம் ஆகியவை அடிப்பவனுக்குப் பொறுப்பும் மாலையும் தருவதை நிறுத்த வேண்டும். நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவை மீறுவது ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். அந்த மீறலைக் கண்ணால் பார்த்த அண்டை வீட்டார் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும்.