மஞ்சள் காடும் பள்ளிக்கூடமும்
(நாமகிரிப்பேட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் கல்வியும் நிலைத்த முன்னேற்றமும் உலக ஒற்றுமையும் என்பதாகும். இவை பெரிய வார்த்தைகளாயிருக்கின்றனவே, மஞ்சள் காட்டுக்காரனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது என்று காட்டவே நான் வந்திருக்கிறேன்.

நிலைத்த முன்னேற்றம் என்றால் என்ன? 1983-ஆம் வருஷத்தில் ஐக்கிய நாடுகள் சபையார் ஒரு கமிஷனை ஏற்படுத்தினார்கள். அதற்குத் தலைமை வகித்தவர் நார்வே தேசத்தில் பிரதம மந்திரியாயிருந்த புருண்ட்லாண்ட் என்னும் ஒரு பெண்மணி. 1987-இல் அந்தக் கமிஷன் சொன்ன முடிவின் சாரம் இவ்வளவுதான்: இன்றைக்கு இருக்கிறவன் தன் தேவையைத் தீர்த்துக்கொள்ளலாம், ஆனால் நாளைக்கு வருகிறவன் தேவைக்கு இல்லாதபடி அடித்துக்கொண்டு போகக்கூடாது. விதைக் கிழங்கைக் குழம்பில் போட்டுத் தின்றுவிட்டு அடுத்த வருஷம் காட்டைப் பார்த்து விழிக்காதே என்பதை உங்களுக்கு ஒரு கமிஷன் வந்தா சொல்ல வேண்டும்? வேண்டியதில்லை. ஆனால் விதைக் கிழங்கு விஷயத்தில் இருக்கிற இந்த அறிவு தண்ணீர் விஷயத்தில் நமக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தோழர்களே! என் சிறு வயதில் இந்தப் பக்கத்துக் கிணறுகளில் நாங்கள் குதித்து நீந்தினோம். இன்று அதே கிணறுகளில் முள் செடி முளைத்திருக்கிறது. பக்கத்திலேயே ஆழ்குழாய் போட்டிருக்கிறார்கள். முதலில் முந்நூறு அடி, பிறகு அறுநூறு, இன்று ஆயிரம் என்று போய்க்கொண்டிருக்கிறது. நம் ஜில்லாவின் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுதும் போய்த் துளை போடுகின்றன. தொழில் திறமையில் நமக்கு யாரும் குறைந்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவு பெரிய இயந்திரத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தீர்மானிப்பது யார்? ஒரு தேங்காய்!

கையில் தேங்காயை வைத்துக்கொண்டு ஒருவர் காட்டில் நடக்கிறார். தேங்காய் எழுந்து நின்றால் அங்கே நீரோட்டமாம். எனக்குத் தெரிந்த ஒரு குடியானவர் இப்படித் தேங்காய் சொன்ன இடத்தில் கடன் வாங்கித் துளை போட்டார். எண்ணூறு அடி போயும் புகைதான் வந்தது. மறுபடியும் தேங்காய், மறுபடியும் கடன், மறுபடியும் புகை. அவருடைய மகன் பி.ஈ. பாஸ் செய்தவன். அந்தப் பிள்ளையும் தேங்காய்க்குப் பின்னால் கைகட்டிக்கொண்டு நடந்தான்! ‘ஏனப்பா, நீ படித்த படிப்பு என்ன ஆயிற்று?’ என்று கேட்டேன். ‘அது வேறு, இது வேறுங்க’ என்று சொன்னான்.

நம் நாட்டுக் கல்வியின் யோக்கியதை முழுவதும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்து அறிவைப் பள்ளிக்கூடத்து வாசலிலேயே செருப்பைப் போல விட்டுவிட்டு வருவது என்பதுதான் அது. நம் பக்கத்தில் பூமிக்கடியில் இருப்பது கருங்கல் பாறை. அந்தப் பாறையிலுள்ள வெடிப்புகளில்தான் தண்ணீர் தங்கும். வெடிப்பு எங்கே இருக்கலாமென்று மின்சாரத் தடையை அளந்து ஓரளவு கணிப்பதற்குக் கருவி உண்டு. அதுவும் சில சமயம் தவறும். ஆனால் தவறினால் ஏன் தவறியது என்று காரணம் கேட்கலாம். தேங்காயிடம் காரணம் கேட்க முடியுமா? தேங்காய் எழுவது, பிடித்திருக்கிறவரின் கை அவரே அறியாமல் சிறிது அசைவதனால்தான்.

இந்த மூடத்தனம் நமக்கு மட்டும் சொந்தம் என்று வெட்கப்பட வேண்டியதில்லை. ஜெர்மனியிலும் குச்சியைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை 1980-களின் கடைசியில் மூனிச் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வைத்துப் பரீட்சை செய்தார்கள். ஏறக்குறைய 500 பேரைச் சோதித்து, அதில் கெட்டிக்காரர்கள் என்று 43 பேரைப் பொறுக்கினார்கள். கீழ்த்தட்டில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தட்டில் நிற்கிறவர் அது எங்கே இருக்கிறதென்று சொல்ல வேண்டும். சிலருக்கு அந்தச் சக்தி இருக்கிறதென்று பரீட்சை செய்தவர்களே முதலில் எழுதினார்கள். பிறகு என்ரைட் என்னும் விஞ்ஞானி அதே கணக்கை எடுத்துப் புரட்டிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்று காட்டினார். இதிலிருந்து என்ன தெரிகிறது? மூடத்தனத்துக்கும் தேசமில்லை, அறிவுக்கும் தேசமில்லை என்பதுதான். பெரிய படிப்பாளி சொன்னாலும் கணக்கைக் காட்டு என்று கேட்பதற்குப் பெயர்தான் கல்வி.

நிற்க. நீங்கள் விளைவிக்கிற மஞ்சளுக்கே வருகிறேன். விரலி, உருண்டை, பனங்காளி என்று தரம் பிரித்து இந்த ஊர் ஏலத்தில் மூட்டை மூட்டையாக விற்கிறீர்கள். உலகத்தில் மஞ்சள் அதிகமாக விளைவது இந்தியாவில்தான். ஆனால் நம் மூட்டை இந்த ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு என்ன ஆகிறதென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு சங்கதிகளைச் சொல்லுகிறேன்.

முதலாவது, 1995-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில், மிஸிஸிப்பி சர்வகலாசாலை வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த இருவருக்கு, புண் ஆற்றுவதற்கு மஞ்சளை உபயோகிக்கும் முறை தங்கள் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை கொடுக்கப்பட்டது. நம் பாட்டிமார்கள் காலில் முள் குத்தினால் மஞ்சளை அரைத்துப் பூசினார்களே, அதற்குத்தான்! நம்மவர்கள் கோபப்பட்டார்கள். கோபம் வழக்கை ஜெயிக்குமா? இந்திய விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகத்தார் 1996-இல் ஆட்சேபணை தாக்கல் செய்தார்கள். பழைய ஏடுகளையும், 1953-ஆம் வருஷத்து இந்திய வைத்திய சங்கப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையையும், இவை போன்ற இன்னும் பல அத்தாட்சிகளையும் முன்னே வைத்தார்கள். 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்து செய்யப்பட்டது. பாட்டிக்குத் தெரிந்தது உண்மைதான். ஆனால் ஜெயித்தது, எழுதி வைத்தவனும் படித்து எடுத்துக் காட்டினவனும். எழுத்தில் ஏறாத அறிவுக்கு உலகத்தின் நீதிஸ்தலத்தில் சாட்சி இல்லை. அந்தப் பாட்டிக்கே எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால், சாட்சிக்கு வேறொருவரைத் தேட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இதைச் சொன்னவுடனே, எல்லாம் நம் முன்னோர்களுக்கே தெரியும், மஞ்சள் சகல வியாதிகளையும் தீர்க்கும் என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். அதுவும் புரட்டுத்தான். மஞ்சளிலுள்ள சத்தைப் பற்றி மருந்து ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, அது நோய் தீர்க்குமென்று சரியான பரீட்சையில் ருசுவாகவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நம் சரக்கு என்பதற்காக அதற்கு இல்லாத மகிமையைச் சொல்லக்கூடாது.

இரண்டாவது சங்கதி வங்காள தேசத்தில் நடந்தது. அங்கே கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தில் ஈயம் இருப்பதை வைத்தியர்கள் கண்டார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். அது எங்கிருந்து வருகிறதென்று தேடிக்கொண்டு போனார்கள். கடைசியில் அகப்பட்டது மஞ்சள்! 1980-களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளைப் பளபளப்பாக்குவதற்காக, ஈயம் கலந்த சாயப்பொடியை மெருகு போடும்போது சேர்க்க ஆரம்பித்து, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கலந்தவர்கள் கொலைகாரர்களா? பலருக்கு அது விஷமென்றே தெரியாது. வாங்குகிறவனுக்கோ, நல்ல நிறமே நல்ல மஞ்சள் என்ற எண்ணம். இந்த ஆராய்ச்சியை அங்குள்ள விஞ்ஞானிகளும் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையாரும் சேர்ந்து நடத்தி 2019-இல் வெளியிட்டார்கள். சர்க்கார் கடைவீதியில் புகுந்து சோதனை செய்தது, அபராதம் போட்டது, நோட்டீஸ் ஒட்டி ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னது. 2019-இல் கடைச்சரக்கில் நூற்றுக்கு 47 மாதிரிகளில் ஈயம் இருந்தது. 2021-இல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே வருஷத்தில்!

யோசித்துப் பாருங்கள். இது எந்தக் கோயில் தீர்த்தத்தினால் ஆயிற்று? எந்த மசூதிப் பிரார்த்தனையினால் ஆயிற்று? வைத்தியரும் பேராசிரியரும் வியாபாரியும் ஒரே காகிதத்தைப் படித்து ஒரே முடிவுக்கு வந்ததனால் ஆயிற்று. உலக ஒற்றுமை என்பது மேடையில் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்வதல்ல. எவனோ ஒரு தேசத்துப் பிள்ளையின் ரத்தத்தில் விஷம் ஏறினால், அதற்கு என் களத்து மெருகு உருளை காரணமாக இருக்கலாமா என்று இங்குள்ள ஒருவன் கேட்பதற்குப் பெயர்தான் உலக ஒற்றுமை.

ஆனால் தோழர்களே, இதில் நமக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. பக்கத்துத் தெருவில் இருக்கிற மனிதனைத் தன் திண்ணையில் உட்கார விடாதவன் நார்வேக்காரனை எப்படிப் புரிந்துகொள்வான்? உள்ளூர்ச் சுடுகாட்டை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு உலகம் ஒன்று என்று பேசினால் உலகம் சிரிக்காதா? ஜாதியை வைத்துக்கொண்டு கொடுக்கும் கல்வி, ஓட்டைச் சாலில் இறைக்கும் தண்ணீருக்குச் சமானம்.

இன்னொரு தடை, பெண்களை நாம் வைத்திருக்கும் நிலைமை. மஞ்சளை மங்கலம் என்கிறோம். அதே மஞ்சளைப் புருஷன் செத்தவளின் முகத்திலிருந்து அழித்துவிடுகிறோம். ஆனால் மஞ்சள் காட்டில் களையெடுக்க அவள் வேண்டும், வெட்டின கிழங்கைப் பொறுக்க அவள் வேண்டும், வேகவைத்துக் காயப்போட அவள் வேண்டும். அப்பொழுதெல்லாம் அவள் கை பட்டால் மஞ்சளுக்கு அமங்கலம் வருவதில்லை. அவள் முகத்தில் பட்டால் மட்டும் வந்துவிடுகிறதாம்! இந்தக் கேள்வியை உங்கள் வீட்டுப் பெண் கேட்க வேண்டுமானால் அவள் படித்திருக்க வேண்டும். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டபோது பலர் பரிகசித்தார்கள். 60 வருஷம் கழித்து 1989-இல் தமிழ்நாட்டில் அது சட்டமாகவே வந்தது. சட்டம் வந்தது. பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

இக்கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். ‘பேத்தி எங்கேங்க, பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாளா?’ என்று கேட்டேன். ‘கிழங்கு வெட்டு முடியட்டும் தம்பி. பொட்டப்புள்ள ரெண்டு மாசம் போகலைன்னா என்ன கெட்டுப்போச்சு?’ என்றார். அவர் கெட்டவரல்ல. பேத்தியிடம் பிரியமுள்ளவர்தான். ஆனால் 1953-இல் ராஜாஜி அவர்கள் சர்க்கார் கிராமப் பிள்ளைகளுக்கு அரை நாள் படிப்பு, மீதி நாள் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தபோது, நம் இயக்கம் அதைக் குலக்கல்வி என்று சொல்லி நாடெங்கும் கிளர்ச்சி செய்தது. 1954-இல் காமராஜர் முதல் மந்திரியானதும் அத்திட்டம் ஒழிந்தது. சர்க்கார் போட்ட குலக்கல்வியை அவ்வளவு பாடுபட்டு ஒழித்துவிட்டு, இன்று நாமே நம் வீட்டில் அதை நடத்தலாமா? பிள்ளைக்குப் பசியாயிருந்தால் படிப்பு ஏறாதென்று 1920-லேயே சென்னை நகரசபையில் தியாகராயச் செட்டியார் ஆயிரம்விளக்குப் பள்ளியில் உணவு போட ஏற்பாடு செய்தார். 1956-இல் காமராஜர் அதை நாடு முழுதும் பரப்பினார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் வந்திருக்கிறது. நூறு வருஷமாக ஒருவர் பின் ஒருவராகப் பள்ளிக்கூடத்தில் இலை போட்டு அழைக்கிறார்கள். நாம் பிள்ளையைக் கையைப் பிடித்துக் காட்டுக்கு இழுக்கிறோம்!

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. எட்டாவதோடு நின்றவன். எனக்குக் கல்வி கொடுத்தது கிளை நூலகத்து மர பெஞ்சு. சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாக 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் பொது நூலகச் சட்டம் வந்தது. நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. பணம் கட்டிவிட்டுச் சரக்கை எடுக்காமல் வருகிற வியாபாரி உங்களில் எவராவது உண்டா?

ஆகவே நான் கேட்டுக்கொள்வது சில காரியங்கள்தான். கிழங்கு வெட்டுக்கு ஆள் வேண்டுமானால் கூலி கொடுத்து வையுங்கள். பெண் பிள்ளையின் பள்ளிக்கூட நாளைத் திருடாதீர்கள். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு பத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து, பெய்த மழையையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்தில் அந்த நோட்டு, எவ்வளவு இறைக்கலாம், எவ்வளவு மஞ்சள் போடலாம், எங்கே சொட்டுநீர் வேண்டுமென்று எந்தத் தேங்காயையும்விட நன்றாகச் சொல்லும். வாரம் ஒரு நாள் நூலகத்துக்குப் போங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

2015-இல் உலக நாடுகளெல்லாம் கூடி 2030-க்குள் செய்து முடிக்க வேண்டுமென்று 17 காரியங்களை எழுதின. அதில் நான்காவது எல்லோருக்கும் கல்வி. அதை நியூயார்க்கில் எழுதலாம். நிறைவேற்ற வேண்டிய இடம், கிழங்கு வெட்டுக்குப் போயிருக்கிற அந்தப் பேத்தியின் வீடுதான்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். தப்பென்று பட்டால் தள்ளிவிடுங்கள். சரியென்று பட்டால் நாளைக் காலையிலேயே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.