வலஸ் துரோகியா?
(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



1305ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்த வழக்கொன்றை இன்று ஆராய்வோம். எதிரி, ஸ்கொட்லாந்து வீரர் சேர் வில்லியம் வலஸ். குற்றச்சாட்டு, இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வேர்டுக்கு இழைத்த இராசத்துரோகம்.

1296இல் எட்வேர்ட் ஸ்கொட்லாந்தை வென்று, அதன் மன்னன் ஜோன் பாலியோலை முடிதுறக்கச் செய்தான். பிரபுக்களும் நிலக்கிழாரும் நிரைநிரையாக வந்து பணிவுப் பத்திரத்தில் முத்திரை பொறித்தனர். அப்பட்டியலில் வலஸின் பெயரைக் காணோம்!

1297 செப்டெம்பர் 11இல் வலஸும் அன்ட்ரூ மறேயும் ஸ்டேர்லிங் பாலத்தில் ஆங்கிலப் படையை முறியடித்தனர். அடுத்த மாதமே, நாடு மீட்கப்பட்டது, துறைமுகங்கள் திறந்துள்ளன என லூபெக், ஹம்பேர்க் நகரத்தார்க்கு இருவரும் ஓலை விடுத்தனர். கொள்ளைக்காரன் செய்யும் காரியமா இது? அரசொன்று செய்யும் காரியமன்றோ!

வட இங்கிலாந்தில் வலஸின் படை நடத்திய சூறையாட்டத்தை நாம் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் கொள்ளை வேறு, துரோகம் வேறு.

1298இல் ஃபோல்கேர்க் போரில் தோற்றபின் வலஸ் நாட்டின் காவலர் பதவியைத் துறந்தார், போராட்டத்தைத் துறந்தாரல்லர். 1304இல் பிரபுக்கள் மீண்டும் எட்வேர்டைப் பணிந்தனர். மறு ஆண்டு வலஸைப் பிடித்துக் கொடுத்தவரும் ஜோன் மென்டீத் என்ற ஸ்கொட்லாந்தவரே.

மன்றத்தில் வலஸுக்காகப் பேச நியாயவாதி எவருமிலர். சட்டத்துக்குப் புறம்பானவர் என்று கூறி எதிர்வாதத்திற்கும் இடமளித்திலர். எனினும், தாம் இங்கிலாந்து மன்னனுக்கு ஒருபோதும் துரோகியல்லர் என அவர் மறுத்தார். அன்றே கொன்றனர், தலையை இலண்டன் பாலத்திலே நாட்டினர்.

நண்பர்களே, விசுவாசம் இல்லாவிடத்தில் துரோகம் எங்ஙனம் பிறக்கும்? வென்ற நாட்டார் யாவரும் தன் குடிகளே என்பது எட்வேர்டின் கட்சி. வாளால் வென்றவன் நிலத்தைக் கொள்ளலாம். மனச்சான்றின் ஒப்பத்தை வாள் பெற்றுத்தராது. சத்தியஞ் செய்து அதை முறித்த பிரபுக்கள் பலர் மன்னிப்புப் பெற்றனர். சத்தியமே செய்யாதவர் துரோகியென மாண்டார். அம்மன்றம் தண்டித்தது துரோகத்தையன்று, பணியாமையையே.

ஏழே மாதங்களில் ரொபேர்ட் புரூஸ் முடிசூடினார். 1328 உடன்படிக்கையில் ஸ்கொட்லாந்தின் சுதந்திரத்தை இங்கிலாந்தே ஒப்புக்கொண்டது. வெஸ்ட்மின்ஸ்டரில் எழுதிய தீர்ப்பை வரலாறு அன்றே மாற்றி எழுதிவிட்டது.