ஆழ்கடலிலும் தமிழ் ஆணையிடட்டும்!

(திருவொற்றியூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி விளையாட்டைப் பற்றித் தமிழ்மேடையில் பேச என்ன இருக்கிறது என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நான் பேச வந்தது பொழுதுபோக்கைப் பற்றியன்று. ஆணையிடும் மொழியைப் பற்றி. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கணினி கற்ற இளைஞர்கள் நிறைந்துள்ளனர். அவர்களுள் சிலர், நீர்மூழ்கிக் கப்பலை உள்ளது உள்ளவாறே இயக்கிக் காட்டும் விளையாட்டுகளில் பேரார்வம் கொண்டிருக்கின்றனர். அத்தகைய ஒன்றைத் தாமே செய்யவும் விழைகின்றனர். அவ்வார்வத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது. தமிழுக்கு ஆக்கமாகத் திருப்ப வேண்டும்.

இவ்விளையாட்டுகள் கண்டதைச் சுட்டு வீழ்த்தும் சிறுபிள்ளை ஆட்டங்கள் அல்ல. நீருக்கடியில் கண் பயன்படாது, செவியே கண். ஒலி, காற்றில் செல்வதைவிட நான்கு மடங்கிற்கும் மேலான விரைவுடன், நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் அளவில் கடல்நீரில் செல்கிறது. தொலைவில் செல்லும் கப்பலின் சுழல்விசிறி எழுப்பும் ஒலியைக் கேட்டு, அது வணிகக் கலமா, போர்க்கலமா, எத்துணை விரைவில் செல்கிறது என்று உய்த்துணர வேண்டும். ஒலி வரும் திசை மட்டுமே தெரியும்; தொலைவு தெரியாது. அத்திசை சிறிது சிறிதாக மாறுவதை அளந்து, கணக்கிட்டே தொலைவையும் போக்கையும் காண வேண்டும். மேலே வெந்நீரடுக்கும் கீழே தண்ணீரடுக்கும் இருப்பின் ஒலி கீழ்நோக்கி வளையும். அவ்வடுக்கின் அடியில் பதுங்கும் கலத்தை மேலுள்ளோர் கண்டறிதல் அரிது. இயற்பியலும் கணக்கும் பொறுமையும் ஒருங்கே பயிலும் பள்ளி இது!

இதனை வல்லரசுகள் மட்டுமே செய்துள்ளனவா? 1985-இல் பசிபிக்குப் போரை வைத்து அமெரிக்கர் ஒன்று செய்தனர். ஆயின் 2005-இல் வெளிவந்து, இருபதாண்டு கடந்தும் அன்பர்கள் விடாது திருத்தி ஆடிவரும் செருமானிய நீர்மூழ்கி விளையாட்டு, ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்காக உருமேனியத் தலைநகர் புக்கரெசுட்டில் உருவானது. 2019-இல் முன்வெளியீடாக வந்து 2024-இல் முழுமை பெற்ற மற்றொன்று போலந்து நாட்டில் பிறந்தது. 2017-இல் வந்த பனிப்போர்க் கால விளையாட்டு ஆத்திரேலியச் சிறு குழுவொன்றின் ஆக்கம். இவர்கட்கு முடிந்தது நமக்கு முடியாதா?

அவர்கள் செய்யாததும் செய்யமாட்டாததும் ஒன்றுண்டு. அது நம் கடல். 1971-ஆம் ஆண்டு நவம்பரில் 'காசி' என்னும் பாக்கித்தான் நீர்மூழ்கி, 'விக்கிராந்து' என்னும் வானூர்தி தாங்கிக் கப்பலைத் தேடி வங்கக் கடலுக்குள் வந்தது. விக்கிராந்தோ முன்னரே அந்தமான் பக்கம் அனுப்பப்பட்டிருந்தது. அது இன்னும் இக்கரையில்தான் உள்ளது என்று எதிரி நம்புமாறு பொய்க்குறிகள் பரப்பப்பட்டன. சென்னைக் கடற்புறத்தே தேடி ஏமாந்த காசி, விசாகப்பட்டினம் சென்று, திசம்பர்த் தொடக்கத்தில் தொண்ணூறுக்கு மேற்பட்டோருடன் மூழ்கியது. இந்தியக் கப்பற்படை வீசிய ஆழ்நீர் வெடியால் என்பர் ஒரு சாரார். உள்வெடிப்பால் என்பர் மறு சாரார். போரைப் போற்றுவதற்காக இதனைச் சொல்லவில்லை, மாண்டோரும் மாந்தரே. நம் கரையோரம் நிகழ்ந்த இவ்வரலாற்றை ஆய்ந்து ஆட்டமாக்கும் கடமை நமக்கன்றி வேறெவர்க்கு உண்டு?

மொழிக்கு வருகிறேன். 1914 செப்தம்பர் 22 இரவு, 'எம்டன்' என்ற செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிறிது பொழுதே நின்று சென்ற அக்கப்பல், நூறாண்டு கடந்தும் நம் நாவை விட்டு நீங்கவில்லை. அஞ்சத்தக்க வல்லாளனை இன்றும் 'எம்டன்' என்கிறோம். மறுபக்கம் பாருங்கள். நம் பரதவர் கட்டிய கட்டுமரம், பொருளோடு பெயரும் சேர்ந்து ஆங்கிலத்தில் ஏறி உலகெங்கும் வழங்குகிறது. சொல் தானாக நடப்பதில்லை, தோழர்களே! செய்பொருளின் தோளேறிச் செல்கிறது. செய்தவன் சொல் உலகாளும். வாங்கியவன் சொல் வீட்டிலேயே மடியும்.

அண்மைச் சான்றும் உண்டு. மூவரை ஏற்றிக்கொண்டு 6000 மீட்டர் ஆழம் செல்லத் திட்டமிட்ட ஆய்வுக்கலம், 2025 சனவரி, பிப்ரவரியில் எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுக நீரில்தான் ஆய்ந்து பார்க்கப்பட்டது. அதனை உருவாக்கியது சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். பெயரோ 'மத்சியா', திட்டத்தின் பெயர் 'சமுத்திரயான்'! மீன் என்னும் தூய தமிழ்ச்சொல் அந்நீரிலேயே துள்ளிக்கொண்டிருக்க, கலத்துக்கு வடமொழிப் பெயர். ஆயினும், 1967-இல் இந்தியா பெற்ற முதல் நீர்மூழ்கிக்குக் 'கல்வரி' என்று பெயரிட்டனர். அது சுறாவகை ஒன்றைக் குறிக்கும் மலையாளக் கடற்கரைச் சொல். மீனவன் சொல்லும் போர்க்கலத்தின் நெற்றியில் ஏற முடியும் என்பதற்கு இதுவே சான்று.

நாமோ, 'நாவாய்' என்னும் சொல்லே 'நேவி' ஆயிற்று என்று பெருமை பேசி அமர்ந்துவிடுகிறோம். மறைமலையடிகள் 1916-இல் ஏற்றிய தனித்தமிழ் விளக்கு, பாவாணரால் சொல்லாய்வு ஞாயிறாயிற்று. அதன்பின் எத்தனையோ கலைச்சொற் பட்டியல்களை அச்சிட்டோம். அவற்றுள் வாயில் வழங்கியவை எத்தனை? பட்டியலில் உள்ள சொல் படத்திலுள்ள சோறு போன்றது.

நீர்மூழ்கி விளையாட்டோ சொல்லை உண்ணவைக்கும். "மூழ்கு!", "பொறியை நிறுத்து!", "அமிழ்நீர்த் தொட்டியைத் திற!", "நீர்க்கணை ஏவு!" என்று நொடிக்கு நொடி ஆணை பிறக்கும். ஒலியறி கருவியில் அமர்ந்தவன், "வடகிழக்கில் ஒலி, அணுகுகிறது!" என்பான். ஆடுவோன் மனப்பாடம் செய்ய வேண்டா. பத்து நாளில் சொற்கள் அவனுடையவாகிவிடும். நாற்சீர் நீளமுள்ள புதுச்சொல்லை வெடி நெருங்கும் வேளையில் எவனும் சொல்லமாட்டான். ஆகவே நம் சொல்லாக்கத்துக்கு இதைவிடக் கடுமையான உரைகல் வேறில்லை.

அச்சொற்களுக்கு எங்கே போவது? முதலில் அகரமுதலிக்கன்று, காசிமேட்டுக்குப் போங்கள்! எண்ணூர்க் குப்பங்களுக்குப் போங்கள்! வாடை, கொண்டல் என்று காற்றைப் பிரித்தறிபவர், ஆழத்தைப் பாகக் கணக்கில் அளப்பவர், கரையடையாளங்களை நேர்வைத்துக் கடலில் தம் இடம் காண்பவர் அங்கே இருக்கின்றனர். அவர் சொல்வதில் சில நம் செவிக்கு உறுத்தலாம். 'சுக்கான்' அரபுச்சொல் என்று ஒருவர் எழுந்து சொல்வார். உண்மைதான். ஆயினும் வேரை ஆய்வது இரண்டாம் வேலை. சொல்லைத் திரட்டுவது முதல் வேலை. கடலோடியை வாய்மூடச் செய்துவிட்டுக் கடல்தமிழ் வளர்க்க முடியாது. அவரிடமே வேறொரு பழஞ்சொல் உறங்கிக்கொண்டிருக்கலாம், கேட்டாலன்றோ விழிக்கும்?

இன்னொரு நன்மையும் உண்டு. அயலார் விளையாட்டுகளில் கடல் பெரிதும் பகைக் கப்பல்களுக்கே உரியது. நம் கடலோ வலைகளும் விசைப்படகுகளும் நிறைந்தது. அத்தனை ஒலிகளுக்கிடையே எது மீனவன் படகு, எது போர்க்கலம் என்று பிரித்தறிய வேண்டிய ஆட்டம், நம் மக்களின் உயிர்க்கும் மதிப்பளிக்கக் கற்பிக்கும். அதுவே மெய்ம்மையுமாகும்.

இளந்தோழர்களே! முழுக்கப்பலையும் ஒரே நாளில் கட்ட முனையாதீர். ஒலியறையை மட்டும் முதலில் செய்யுங்கள்: ஒரு செவிக்கருவி, ஒரு திசைவட்டம், வங்கக் கடலின் ஒலிகள், தூய தமிழ் ஆணைகள். அதுபோதும். பெரியோர்களே! அவர்கட்குச் சொற்களும் பொருளும் தந்து துணை நில்லுங்கள். அவர்கள் செய்ததை ஆடிப்பார்த்துக் குறை கூறுங்கள்.

பாட்டிலும் மேடையிலும் தமிழ் வாழ்வது போதாது. கருவியின் நாவிலும், கணினியின் நெஞ்சிலும், ஆழ்கடலின் இருளிலும் தமிழ் ஆணையிட வேண்டும். செய்வோம், செய்ததற்கு நாமே பெயரிடுவோம்!

வெல்க தமிழ்!