கடையும் சிப்பந்தியும்



இணுவில், கோண்டாவில் ஆகிய ஊர்கள் ஒரு காலத்திலே புகையிலைக்கும் சுருட்டுக்கும் பெயர்போனவை. கொட்டில்களிற் பலர் அமர்ந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். ஏனையோர் கைவேலை தடைப்படாது கேட்டிருப்பர். கியூபா நாட்டின் ஹவானா நகரிலும் 1865ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கம் இருந்தது. அங்கே வாசிப்பவரின் ஊதியத்தைத் தொழிலாளரே தம்முட் பகிர்ந்து கொடுத்தனர். கொட்டில்களைப் பற்றிப் பேசுவோர் இவ்வாசிப்பையே சிறப்பித்துக் கூறுவர். என் கருத்தைக் கவர்வது வேறொன்று. சுற்றிய சுருட்டின் எண்ணிக்கைக்கே அங்கு கூலி. கூலி போதுமானதா என்பது வேறு வினா. ஆயினும், தனக்குச் சேரவேண்டியது எவ்வளவு என்பதை முதலாளியைப் போலவே தொழிலாளியும் எண்ணி அறியக்கூடியதாய் இருந்தது.

இன்று அக்கொட்டில்கள் அருகிவிட்டன. பலசரக்குக் கடை, புடைவைக் கடை, தையலகம், அரைக்கும் ஆலை என இரண்டு மூன்று பேர் வேலைசெய்யும் இடங்களே எங்கும் காணப்படுகின்றன. பாடசாலையை விட்டு விலகும் பிள்ளைகளிற் பலர் முதன்முதல் ஊதியம் பெறுவது இவற்றிலேதான். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், "முதலாளி பார்த்துத் தருவார்" என்கிறார்கள். முதலாளியைக் கேட்டாலோ, "அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்பார். அன்பான சொல்தான். ஆனால் வீட்டுப் பிள்ளைக்கு வேலை நேரம் என்று ஒன்றில்லை. விடுமுறை என்று ஒன்றில்லை. அதற்கு ஈடாக, நாளைக்குக் கடையிலே அவனுக்குப் பங்கு உண்டு. சிப்பந்திக்கு அதுவும் இல்லையே!

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வேலை நேரத்தை வரையறுத்தது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வையும் விதித்தது. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதிச் சட்டமோ ஒரேயொரு சிப்பந்தி உள்ள கடைக்கும் பொருந்துவது. ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். இவற்றோடு 1980ஆம் ஆண்டின் சட்டப்படி நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தனியே 3 வீதம் செலுத்தல் வேண்டும்.

இதனைக் கணக்கிலே பார்ப்போம். சம்பளம் 40,000 ரூபா எனின், சேமலாப நிதிக்கு இருவர் பங்குமாக மாதம் 8,000 ரூபா சேரும். சம்பளம் சற்றும் உயராவிடினும், வட்டியை நீக்கியும், இருபது ஆண்டில் அது 19 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பதினைவர்க்குக் குறையாதோர் வேலைசெய்யும் இடங்களுக்கே உரியது. ஆதலால் மூவர் உள்ள கடையில் முதுமையடைந்து விலகுபவருக்குச் சேமலாப நிதியே கைத்தடி. பதிவு செய்யப்படாதவர் இருபது ஆண்டு உழைத்தபின் ஒரு வேட்டியும் வாழ்த்துரையும் பெற்று வீடு செல்கின்றார்.

"விற்பனை நிலையற்றது, சிறு கடை தாங்குமா?" என வணிகர் கேட்பர். நியாயமான கேள்வியே. வியாபாரம் குன்றிய மாதத்திலே தமக்கென ஒரு சதமும் எடுக்காது சம்பளம் கொடுப்போரும் உளர். எனினும் அக்கணக்கை ஆளை அமர்த்துமுன் பார்த்தல் வேண்டும். 40,000 ரூபாவுக்கு அமர்த்தினால் உண்மைச் செலவு 46,000 ரூபா. பின்னர் மனம் வருந்தித் தமது 12 வீதத்தையும் சிப்பந்தியின் சம்பளத்திலேயே கழிப்பது சட்டத்துக்கு மாறானது.

சட்டம் எட்டாத இடங்களும் உண்டு. கல்லாப்பெட்டியிற் பணம் குறைந்தால், வாடிக்கையாளர் முன்னிலையிலே இளைஞனை அதட்டுவோரைக் காண்கிறோம். பிழை பின்னர் முதலாளியின் கூட்டலிலே அகப்பட்டாலும், அவன் தலைகுனிந்ததை ஊர் பார்த்தாயிற்று. கடை பூட்டியபின் இருவருமாய் இருந்து எண்ணினால் என்ன? தங்கையின் திருமணத்துக்கு முற்பணம் கொடுத்தாலும் ஒரு கொப்பியில் எழுதி இருவரும் கையொப்பமிடலாம். மாதந்தோறும் கழிப்பது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பதை அவனும் பார்க்கக்கூடியதாய் அக்கொப்பி கல்லா மேசையிலேயே இருக்கட்டும்.