கொல்லிமலை விறலியும் இசைநாடகக் குரலும்

நடித்துக்கொண்டே பாடி, அந்தப் பாட்டையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு நாடுவிட்டு நாடு செல்லும் பெண் கலைஞர் என்றதும் இன்று உலகோர் நினைவுக்கு வருபவர் ஐரோப்பிய ஓபராவின் சோப்ரானோ பாடகி ஆவார். ஓபரா என்பது உரையாடலும் பாட்டாகவே நிகழும் நாடகம். 1600ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உருப்பெற்றது. சோப்ரானோ என்பது பெண்குரல்களுள் மிக உயர்ந்த வகை. ஒலிபெருக்கியின் துணையின்றி, பெரிய வாத்தியக் குழுவையும் மீறிக் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடுவதே அக்குரலுக்குரிய பயிற்சி. இதையொத்த ஒரு தொழில் ஃபுளோரன்ஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே தமிழகத்தில் நிலைபெற்றிருந்தது என்பதற்குச் சங்கப் பாடல்கள் சான்றாகின்றன. அவற்றுள் மிகத் தெளிவான காட்சி கொல்லிமலையின் தலைவனான வல்வில் ஓரியைப் பற்றிய பாட்டில் கிடைக்கிறது.

உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுமாறு ஆடியும் பாடியும் வாழ்ந்த பெண் விறலி எனப்பட்டாள். கூத்தர், பாணர், பொருநர் ஆகியோரோடு விறலியையும் ஒருங்கு வைத்தே தொல்காப்பியம் ஆற்றுப்படை இலக்கணம் கூறுகிறது. ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்றவர் பெறாதவருக்கு வள்ளலிடம் செல்ல வழிகாட்டும் பாட்டு. புறநானூற்றின் 105ஆம் பாட்டில் கபிலர் ஒரு விறலியை, வள்ளல் பாரியிடம் பாடிச் சென்றால் பொன்னணி பெறுவாய் என்று வழிப்படுத்துகிறார். 103ஆம் பாட்டில் ஔவையார் காட்டும் விறலியோ, காவுதடியின் ஒரு முனையில் பதலை என்னும் பறையும் மறுமுனையில் சிறுமுழவும் தொங்கச் சுமந்து வந்தவள். கவிழ்ந்து கிடக்கும் தன் உண்கலத்தை நிமிர்த்துவார் யார் என்று கேட்டுப் பாலை வழியில் அமர்ந்திருக்கிறாள். புகழும் பசியும் சேர்ந்தே இருந்த தொழில் அது என்பதைப் புலவர்கள் மறைக்கவில்லை.

ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய 152ஆம் பாட்டைச் சற்று நின்று நோக்க வேண்டும். காட்டில் ஒரு வேட்டுவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானையும் பன்றியையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. கண்ட பாணர் தலைவன், இவன் ஓரியோ, அல்லனோ என்று ஐயுற்று, தான் ஒரு வண்ணம் பாடப்போவதாக விறலியரிடம் சொல்லிக் கருவிகளை ஆயத்தம் செய்யச் சொல்கிறான்: முழவில் மார்ச்சனை பூச வேண்டும், யாழில் பண் அமைக்க வேண்டும், யானைத் துதிக்கை போன்ற பெருந்தூம்பை ஊத வேண்டும், எல்லரி என்னும் கருவியும் ஆகுளி என்னும் சிறுபறையும் ஒலிக்க வேண்டும், ஒருகண் பறையான பதலையை மெல்லத் தட்ட வேண்டும். காட்டு வழியில் நொடியில் கூடிய முழு வாத்தியக் குழு இது. எந்தக் கருவி அடங்கி ஒலிக்க வேண்டும் என்பது வரை குறிப்பு உண்டு என்பதே இப்பாட்டின் பெருஞ்சிறப்பு.

அக்குழு பாடி முடித்தது இருபத்தொரு துறைகள். மெலிவு, சமம், வலிவு என்னும் மூன்று தானங்களிலும், அதாவது கீழ், நடு, மேல் நிலைகளிலும், ஒவ்வொன்றிலும் எழுவகையாகப் பாடுவது என்று பழைய உரை இதற்குப் பொருள் கூறுகிறது. குரலின் முழு எல்லையையும் முறைப்படி கடந்து காட்டும் இக்கட்டுக்கோப்பு, எந்த நாட்டு இசைப்பள்ளியும் மதிக்கத் தக்கது. பாட்டின் இறுதியில் அரசே என்று விளித்ததும் வேட்டுவன் நாணுகிறான். மான்கறியும் மதுவும் தன் மலைப்பொன்னும் மணியும் அவ்விடத்திலேயே வழங்குகிறான்.

ஓரியை மற்றொரு சிற்றரசனான காரி கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் உள்ளது. வள்ளல்கள் மறைய, விறலியின் தொழிலும் தளர்ந்தது. அதே வன்மை பிற்காலத்தில் மீண்டும் வெளிப்பட்ட இடம், சங்கரதாஸ் சுவாமிகள் நெறிப்படுத்திய இசைநாடக மேடை. கொல்லிக்குத் தென்மேற்கே காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் அம்மேடையின் பெருங்குரல். பல ஊர்க் கலைஞர்களைத் தனித்தனியே அழைத்து ஓர் இரவுக்குச் சேர்த்து நடத்தும் ஸ்பெஷல் நாடகங்களில், ஒலிபெருக்கி பரவாத காலத்தில், ஆர்மோனியத்தின் உயர்ந்த கட்டையில் சுருதி வைத்து, திறந்தவெளிக் கூட்டத்தின் கடைசி ஆள் வரை சொல் தெளிவாகச் சென்று சேருமாறு பாட வேண்டியிருந்தது. இலங்கை மேடைகளிலும் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு அவர் புகழ்பெற்றார். 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடம் ஏற்றதற்கு அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. 1953இல் ஔவையாராக நடித்தார். 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பதிவுகளைக் கேட்போர் மேல் தானத்தில் குரல் மெலியாமல் விரிவதையும், அங்கும் தமிழ் எழுத்து ஒன்றுகூடச் சிதையாததையும் உணரலாம். மிக உயர்ந்த சுருதியில் ஓபராப் பாடகியர் பலரிடம் சொல் கரைந்து இசை மட்டுமே எஞ்சுவதுண்டு. சொல்லைக் காப்பதில் சுந்தராம்பாள் அவர்களினும் மேம்பட்டவர் என்று மதிப்பிடுவது மிகையாகாது.

ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கொல்லிமலையில் அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. ஓரியின் வில் அங்கே நினைவுகூரப்படுகிறது. அவ்வில்லைப் பாடிய விறலியர் குழுவையும் நினைவில் நிறுத்தும் வகையில், முழவும் யாழும் தூம்பும் பதலையும் கொண்டு புறநானூற்றின் 152ஆம் பாட்டைப் பெண் கலைஞர்கள் அதே மலையில் இசைநாடகமாக நிகழ்த்துவதற்கு விழாக் குழுவினரும் இசைக் கல்லூரிகளும் முன்வர வேண்டும்.