கோணல் மரமும் கடலுக்கு உதவும்

கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தூத்துக்குடித் தோணிகளின் வலிமை, ‘வங்கு’ எனப்படும் வளைந்த விலாக்கட்டைகளிலே உள்ளது. வாள்பட்டறை இயந்திரம் எத்துணைத் தடித்த மரத்தையும் விரைவில் அறுத்துவிடும். ஆயினும், நேரான மரத்தை வளைவாக அறுத்தால் இழை குறுக்கே அறுபடும். அலை மோதுகையில் அவ்விடமே பிளக்கும். வளைந்தே வளர்ந்த நாட்டுக் கருவேலத்திலோ இழையும் வளைவோடு ஓடுகிறது, உறுதி குன்றுவதில்லை.

நாம் கோணலென்று இகழ்ந்து விறகுக்கு விற்பது தோணித் தச்சருக்கு அரும்பொருள். புதுத் தோணிகள் குறைந்துவிட்ட இந்நாளிலும், பழுதுபார்க்க அம்மரம் வேண்டும். ஆகவே, பஞ்சாயத்து உறுப்பினர்களே, குளத்து மரங்களை ஏலம் விடுமுன் வளைந்த அடிமரங்களையும் கவைகளையும் தச்சரிடம் காட்டித் தனியே விலை பேசுவோம். வெட்டிய இடத்தில் கன்றும் நடுவோம்.