கூட விளையாடப் பிள்ளைகள் வேண்டும்
(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கைகள் எங்கள் சிறுபிள்ளைகள் பிரிவில் எவ்வாறு பயன்படுகின்றன என்று சொல்லும்படி கேட்டீர்கள். இன்று மருந்தைப் பற்றியோ கட்டடத்தைப் பற்றியோ அல்ல, விளையாட்டைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

முன்பு 'மனவளர்ச்சி குன்றியவர்கள்' என்று அழைக்கப்பட்டவர்களை இன்று 'அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள்' என்கிறோம். இவர்களில் பலருக்குக் கற்பது மட்டுமல்ல, தவழ்வதும் நடப்பதும்கூடத் தாமதமாகவே வரும். மற்றப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு வயதில் நடக்கிறார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைக்குத் தசைகள் தளர்ந்திருப்பதால், நடை வர சராசரியாக 2 வயது ஆகிவிடும். அதுவரை வீட்டார் இடுப்பிலேயே தூக்கி வைத்திருப்பார்கள். பாசத்தினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் தரையில் விடாத பிள்ளைக்கு உருளவும் எழும்பவும் பழக வாய்ப்பு ஏது? தாமதம் இன்னும் நீளுகிறது. உடம்பு நிலையாக உட்கார்ந்தால்தான் கைகள் விடுபடும். கைகள் விடுபட்டால்தான் தானே சாப்பிடவும் பொத்தான் போடவும் முடியும்.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பந்து வேகமாக வரும். மேலே வீசிய மெல்லிய துணி மெதுவாக இறங்கும். ஆகவே பிடித்துப் பழக முதலில் துணி, பிறகு பலூன், அதன் பிறகே பந்து. தரையில் போட்ட கயிற்றின்மேல் நடக்கும்போது சமநிலை வருகிறது. புளியங்கொட்டை நிரப்பித் தைத்த சிறு துணிப்பையைக் கூடைக்குள் எறியும்போது கண்ணும் கையும் இணைந்து வேலை செய்கின்றன. ஒரு எச்சரிக்கை: டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதி மூட்டு தளர்ந்திருக்கும். மருத்துவர் பார்க்குமுன் குட்டிக்கரணம் போடவிடக் கூடாது.

அமெரிக்காவில் 1968-ல் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இயக்கம், 2 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு 'யங் அத்லெட்ஸ்' என்ற விளையாட்டுத் திட்டத்தை நடத்துகிறது. இதில் 8 வாரம் கலந்துகொண்ட குறைபாடுள்ள பிள்ளைகள் உடலியக்கத் திறனில் 7 மாத வளர்ச்சி பெற்றார்கள் என்றும், கலந்துகொள்ளாதவர்கள் 3 மாத வளர்ச்சியே பெற்றார்கள் என்றும் அவ்வியக்கம் தெரிவிக்கிறது. குறைபாடு இல்லாத பிள்ளைகளும் அதில் கூடவே விளையாடுகிறார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பெரியவர்கள் பத்துத் தடவை செய்து காட்டியும் குதிக்காத பிள்ளை, பக்கத்துப் பிள்ளை குதிப்பதைக் கண்டு தானும் குதிப்பதைப் பார்க்கிறோம். மற்றப் பிள்ளையும் தன் முறை வரும்வரை பொறுத்திருக்கக் கற்றுக்கொள்கிறது.

ஆனால் தெருப்பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்று பயந்து, கதவைச் சாத்தி வைத்திருக்கும் தாய்மார் அநேகர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பள்ளிகளில் இவர்களைப் பாகுபாடின்றிச் சேர்க்கச் சொல்கிறது. 'வா, விளையாடலாம்' என்று கையைப் பிடித்து அழைக்க, இன்னொரு பிள்ளை வேண்டுமே!

பந்தும் கயிறும் நீங்கள் தந்திருக்கிறீர்கள். அதற்கு எங்கள் நன்றி. இன்று பணத்தைவிடப் பெரியதொன்றைக் கேட்கிறோம். உங்கள் ஓய்வுநாள் பாடசாலைச் சிறுவர்களை மாதம் ஒரு சனிக்கிழமை காலை எங்களிடம் அனுப்புங்கள். உங்கள் ஆலய வளாகத்தில் பிள்ளைகள் விளையாடும்போது இந்தப் பிள்ளைகளையும் அழைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுவயது ஆண்டுகள் காத்திருப்பதில்லை. இந்த மாதமே தொடங்குவோம்.